வராமல் போனவர்களின் கணக்கு

வீதி வேலையைப் பற்றிப் பொறியியலாளர்களுக்குத் தெரியாத ஒன்று குடும்பநல உத்தியோகத்தர்களுக்குத் தெரியும். வீதியைக் கிண்டினால் முதலில் குறைவது வாகனம் இல்லை, கிளினிக்குக்கு வரும் கர்ப்பிணித் தாய்மார். வாகனக்காரர் சுற்றிப் போவார், ஹோர்ன் அடிப்பார், தவிசாளருக்குப் போன் எடுப்பார், கோபம் கூடினால் பத்திரிகைக்கும் எழுதுவார். ஏழு மாத வயிற்றோடு நடந்து வருகிற பிள்ளை இதில் ஒன்றையும் செய்யாது. ஒருநாள் வந்து பார்க்கும், சேற்றுக்குள் கால் வைக்க ஏலாது என்று திரும்பிப் போகும், அடுத்த மாதம் வராது. பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று விழும். ஏன் வரவில்லை என்று எழுத அங்கே இடம் கிடையாது.

நான் மன்னார் மாவட்டத்து நறுவிலிக்குளத்தவள். நானாட்டான், வங்காலைப் பக்கத்து வீடுகளுக்குச் சைக்கிளிலும் நடையிலுமாகப் போய்க் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். வீதியைக் கிண்டிப் போடுகிற இலகு ரயிலைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். எங்களுக்குச் சாதாரண ரயில் பிடிப்பதென்றாலே முருங்கனுக்குப் போகவேண்டும். ஆனால் மகள் ஸ்காபரோவில் இருக்கிறாள், தங்கையின் குடும்பம் சிட்னியில் வெஸ்ற்மீட் பக்கம். இரண்டு வீட்டுக்கும் முன்னால் இலகு ரயில் கட்டினார்கள். இரண்டும் சொன்ன நாளில் வரவில்லை. மன்னாரில் பாதி வீடுகளுக்கு இதுதான் நிலைமை. ஊரில் இல்லாத ரயிலின் தாமதம் வட்ஸ்அப் வழியாகக் குசினிக்குள் வந்துவிடுகிறது.

ரொறன்ரோவின் எக்ளின்ரன் வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே மவுண்ட் டெனிஸ் முதல் கிழக்கே ஸ்காபரோவின் கென்னடி நிலையம் வரை 19 கிலோமீற்றர், 25 தரிப்பிடங்கள். பாதிக்குமேல் நிலத்துக்கு அடியிலும் மிச்சம் வீதியின் நடுவிலும் ஓடும் பாதை. வேலை 2011இல் தொடங்கியது. 2020இல் ஓடும் என்றார்கள். பிறகு 2021, பிறகு 2022, பிறகு நாள் சொல்வதையே விட்டுவிட்டார்கள். 2025ஆம் ஆண்டு முழுதும் கழிந்தும் வண்டி ஓடவில்லை. முதல் கிடங்கு வெட்டிய வருடம் பிறந்த பிள்ளைக்கு அப்போது பதினாலு வயது. பிறந்த நாள் முதல் அந்தப் பிள்ளை பார்த்த எக்ளின்ரன், வேலியும் ஒரேஞ்ச் நிறப் பீப்பாக்களும் நிற்கிற எக்ளின்ரன்தான்.

மகளின் பிள்ளைப்பேற்றுக்கு நான் போயிருந்தது ஒரு குளிர்காலம். ஸ்காபரோப் பக்கத்தில் அந்த வீதி எங்கள் மன்னார் – மதவாச்சி வீதியைப் போல மூன்று மடங்கு அகலம். நடுவில் தண்டவாளத்துக்கு இடம் எடுத்ததால் வாகனங்களை ஒருநாள் இந்தப் பக்கமும் மறுநாள் அந்தப் பக்கமுமாகத் தள்ளிவைத்தார்கள். நடக்கிறவர்களுக்கு ஒரு பலகை: நடைபாதை மூடப்பட்டுள்ளது, மறுபக்கத்தால் செல்லவும். மறுபக்கம் கண்ணுக்கு முன்னால் தெரியும். ஆனால் அங்கே போக அடுத்த சிக்னல் மட்டும் நடக்கவேண்டும், கடந்து திரும்பவும் அவ்வளவு தூரம் பின்னால் வரவேண்டும். வீதியில் வழித்த பனி வேலியோரத்தில் குவிந்து கிடக்கும். அதற்குள்ளால் பிள்ளைத் தள்ளுவண்டிலைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சில்லு உருளாது. தூக்கித்தான் போகவேண்டும்.

மகளின் கட்டடத்தில் பருத்தித்துறை அம்மா ஒருவர் இருந்தார். கறிவேப்பிலைக்கும் மீனுக்கும் தமிழ்க் கடைக்குத் தானே நடந்து போய்வருகிறவர். அது அவருடைய பெரிய கெட்டித்தனம். மருமகளிடம் கேட்காமல் வெளியே போகக்கூடிய ஒரே பயணமும் அதுதான். அந்தக் குளிர்காலம் நின்றுவிட்டார். “இனி மகன் ஞாயிற்றுக்கிழமை காரில கூட்டிக்கொண்டு போவான், பிள்ளை” என்றார். புகார் இல்லை, கோபம் இல்லை. வேலைத்தளத்தில் நின்ற மேற்பார்வையாளரின் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? நடைபாதையில் கூட்டமில்லை, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றுதான்.

நான் இதில் சொல்ல வருவது அவ்வளவுதான். நடக்கிறவர்கள் முறைப்பாடு செய்வதில்லை, வராமல் போய்விடுகிறார்கள். முறைப்பாட்டை வைத்து வேலையை அளக்கிறவர்களுக்கு அவர்கள் ஒருநாளும் அகப்படமாட்டார்கள்.

அதே வீதியின் மேற்குப் பகுதியில் ‘குட்டி ஜமேக்கா’ என்று அழைக்கப்படும் கடைத்தெரு இருக்கிறது. கரிபியன் தீவுகளில் இருந்து வந்தவர்கள் பல பத்தாண்டுகளாக வளர்த்த இடம். தலைமயிர் வெட்டும் கடைகள், இசைத்தட்டுக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள். இப்படியான கடைகளுக்குக் கார் நிறுத்தி வருகிறவர்களை விட, நடந்து போகிறபோது எட்டிப் பார்க்கிறவர்கள்தான் முதல். வேலி போட்ட பிறகு எட்டிப் பார்க்க ஆள் இல்லை. பல கடைகள் மூடப்பட்டன. அதை அங்கத்தைய பத்திரிகைகள் வருடக்கணக்காக எழுதின. கடைக்காரர்கள் கத்தினார்கள், ஊர்வலம் போனார்கள். அவர்களுக்கு வாய் இருந்தது. அவர்களிடம் வராமல் போன வாடிக்கையாளர் எங்கே போனார் என்று கேட்க மட்டும் ஆள் இல்லை.

நகரத்தின் வடமேற்கில் ஃபின்ச் வீதியில் போட்ட இன்னொரு இலகு ரயில் 2025 டிசம்பர் 7இல் திறந்தது. பத்துக் கிலோமீற்றர் சொச்சம். அது திறந்த கிழமையில் ஒருவர் வீதியோரமாக ஓடிப் போய் வண்டிக்கு முன்னரே கடைசித் தரிப்பிடத்தில் நின்றாராம். மகள் அந்தக் காணொலியை அனுப்பிவிட்டு, “அம்மா, இதுக்கா இவ்வளவு வருசம்?” என்று எழுதியிருந்தாள். சிரிப்பு வந்தது என்னவோ உண்மை. ஆனால் வண்டி மெதுவாக ஓடினால் பிறகு சிக்னலை மாற்றித் திருத்தலாம். நடக்கிற பழக்கம் விட்டுப்போனவரைத் திருப்பி வீதிக்குக் கொண்டுவர எந்தச் சிக்னலும் உதவாது.

தாமதம் ஏன் வருகிறது என்பதற்கு உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே கதைதான். மேலே தண்டவாளம் போடுவது சுலபம். கீழே என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர்க் குழாய், மின்கம்பி, எரிவாயுக் குழாய், தொலைபேசிக் கம்பி, நூறு வருடத்துக் கழிவு வாய்க்கால். ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரம் இதற்குப் பேர்போனது. 2011இல் ஓடவேண்டிய டிராம் 2014 மே 31இல் ஓடியது. நகரத்தின் முதன்மை வீதியான பிரின்சஸ் வீதியைக் கிண்டி மூடினார்கள், பிறகு போட்ட வேலை பழுது என்று திரும்பவும் கிண்டினார்கள். செலவு 77 கோடி பவுணைத் தாண்டியது. ஏன் இப்படி ஆனது என்று விசாரிக்க ஹார்டி பிரபு தலைமையில் 2014இல் ஓர் ஆணைக்குழு போட்டார்கள். அதன் அறிக்கை வந்தது 2023 செப்டெம்பரில். டிராமின் தாமதத்தை விசாரிக்கப் போனவர்கள் டிராமை விடத் தாமதித்தார்கள். எங்கள் நாட்டு ஆணைக்குழுக்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அதில் ஓர் ஆறுதல்கூட இருந்தது.

சிட்னிக் கதை வேறு விதம். பரமற்றாவில் இலகு ரயில் போடுவதற்காக, காலிங்ஃபோர்ட் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பழைய ரயில் பாதையை 2020 ஜனவரி 5இல் மூடினார்கள். அந்தத் தடத்தில்தான் புதிய பாதையின் ஒரு பகுதி வரவேண்டும். 12 கிலோமீற்றர், 16 தரிப்பிடங்கள். 2023இல் திறப்பதாகச் சொன்னது 2024 டிசம்பர் 20இல் திறந்தது. வெஸ்ற்மீட், வென்ற்வேர்த்வில் பக்கம் எங்கள் ஆட்கள் நிறைய. அங்கேயுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறவர்களும் அதற்குள் அடக்கம். தங்கையின் மருமகன் சொன்னது: தொடங்கும்போது ரயிலில் போன சனம், முதல் ஆறு மாதம் மாற்றுப் பஸ்ஸில் போனது, பிறகு கார் வாங்கிவிட்டது. கார் வாங்கியவர் திறப்பு விழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் சுற்றிப் பார்க்க வருவார், திங்கட்கிழமை காரில்தான் வேலைக்குப் போவார். ஐந்து வருடம் என்பது ஒரு குடும்பம் தன் போக்குவரத்தை முழுதாக மாற்றிக்கொள்ளப் போதுமான காலம்.

சென்னையில் நடப்பது இலகு ரயில் இல்லை, மெற்றோவின் இரண்டாம் கட்டம். மூன்று தடங்கள், 118 கிலோமீற்றருக்கு மேல். அங்கே நடைபாதை என்பது வேலைக்கு முன்னரே ஏறக்குறைய இல்லாத பொருள் என்பதால் அதை மூடிவிட்டார்கள் என்று யாரும் குறைசொல்லவில்லை. மன்னாரில் இருந்து வைத்தியத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிற சனம் வடபழனி, போரூர்ப் பக்கம் பட்ட பாட்டைக் கதைகதையாகச் சொல்லும். 2025 ஜூன் 12ஆம் திகதி இரவு இராமாபுரம் பக்கத்தில் மெற்றோவுக்காகத் தூக்கிவைத்த கொங்கிறீற் உத்திரங்கள் கீழே விழுந்து, வீதியில் மோட்டார் சைக்கிளில் போனவர் ஒருவர் இறந்துபோனார். இடைஞ்சல் என்று நாங்கள் சொல்வது சேறும் சுற்றுவழியும் மட்டும் இல்லை. தலைக்கு மேல் தொங்குகிற பாரமும் அதற்குள் வருகிறது.

இனி எங்கள் பக்கம். 1914இல் போட்ட தலைமன்னார்ப் பாதையை 1990இல் யுத்தம் நிறுத்தியது. நானும் என் வயதுக்காரரும் தண்டவாளம் இருந்த அணையை வெறும் நடைபாதையாக, ஆடுமாடு சாய்க்கிற வழியாகப் பார்த்து வாழ்ந்தோம். இந்தியாவின் இர்கொன் நிறுவனம் திரும்பவும் பாதை போட்டது. 2013இல் மடு வீதி வரைக்கும், 2015 மார்ச் 14இல் தலைமன்னார் வரைக்கும் ரயில் வந்தது. இந்தியப் பிரதமர் மோடி தலைமன்னாரில் கொடியசைத்தார். இருபத்தைந்து வருடம் கழித்து வந்த ரயிலை யாரும் தாமதம் என்று சொல்லவில்லை, மாலை போட்டோம். சரிதான். ஆனால் அந்த இருபத்தைந்து வருடத்தில் ஊருக்கும் வயலுக்கும், வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் சனம் நடந்து நடந்து உண்டாக்கிய வழிகள் பல, அணை உயர்ந்ததும் அறுந்துபோயின. அறுபடாதவை பாதுகாப்பற்ற கடவைகள் ஆயின. வடக்கு முழுக்க அந்தக் கடவைகளில் நடந்த விபத்துச் செய்திகளை நீங்களும் இதே பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள்.

அதற்கு அரசு கண்ட மருந்து என்ன? பொலிஸ் மூலமாக ஊர்ப் பிள்ளைகளைக் கடவைக் காவலுக்குப் போட்டது. சம்பளம் நாளுக்கு 250 ரூபா, மாதத்துக்கு 7,500. நிரந்தரமாக்கு, கூட்டித் தா என்று அவர்கள் எத்தனையோ தடவை வீதியில் இருந்து போராடினார்கள். தண்டவாளத்துக்கும் பாலத்துக்கும் இந்தியக் கடன் கோடிக்கணக்கில் வந்தது. தண்டவாளத்தைக் கடந்து நடக்கிறவரின் உயிருக்கு ஒதுக்கியது நாளுக்கு 250 ரூபா. மடுத் திருவிழாவுக்கு நடந்தே போகிற வழக்கம் இன்னும் விட்டுப்போகாத மாவட்டம் இது. இங்கே ஒரு பாதையை வரைகிறவர் நடக்கிறவரை மறந்துபோனேன் என்று சொல்ல முடியாது.

கொழும்பில் இலகு ரயில் வரவேண்டியிருந்தது. மாலபேயில் இருந்து கோட்டை வரை, தூண்களுக்கு மேலால், பதினாறு நிலையங்கள். ஜப்பானின் ஜெய்க்கா நிறுவனத்தோடு 2019 மார்ச்சில் கடன் ஒப்பந்தம் போட்டார்கள். 2020இல் அப்போதைய அரசு செலவு கூட என்று ஒருதலையாகக் கைவிட்டது. ஒரு தூணும் எழும்பவில்லை. ஜப்பானோடு மனக்கசப்பு மட்டும் மிஞ்சியது. அந்தத் திட்டத்தைத் திரும்ப எடுப்போம் என்ற பேச்சு இடைக்கிடை வருகிறது. வரட்டும். பத்தரமுல்லை, ராஜகிரிய வீதிகளில் காலையில் பஸ்ஸுக்குள் நிற்கிற சனத்துக்கு அது தேவை. நான் ரயிலுக்கு எதிரி இல்லை. எதிரியாக இருந்தால் முருங்கன் ஸ்ரேசனில் மாலையோடு நின்றிருக்க மாட்டேன்.

ஆனால் கட்டுகிறபோது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் சின்ன அளவில் அதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பகுதியில் ஒரு வீதியில் மதகு உடைத்துக் கட்டினார்கள். மூன்று மாத வேலை என்று பலகை சொன்னது. கொந்தராத்துக்காரர் மதகை உடைத்தார், பெக்கோவைக் கொண்டுபோய்விட்டார், மாரி வந்தது, மழை முடிந்தது, அடுத்த மாரியும் வந்தது. வாகனத்துக்கு வயலால் கிரவல் போட்டு மாற்றுவழி செய்தார்கள். நடக்கிறவருக்கு இரண்டு பனங்குற்றி. கிளினிக்கில் வரவு குறைந்தது. மேலதிகாரி கூட்டத்தில் கேட்டார்: “உங்கட பகுதியில தாய்மாருக்கு விழிப்புணர்வு காணாது போல?” விழிப்புணர்வு வகுப்பு வைக்கச் சொன்னார். “சேர், அவைக்கு விழிப்பு இருக்கு, மதகுதான் இல்லை” என்றேன். கூட்டம் சிரித்தது. வகுப்பு வைக்கத்தான் வேண்டியிருந்தது.

வீடு வீடாகப் போய்க் கேட்டபோது ஒரு பிள்ளை சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. “மிஸ்ஸி, நான் வாறதுக்குப் பஞ்சிப்படேல்ல. விழுந்தா பிள்ளைக்கு என்னாகும் எண்டுதான் வரேல்ல.” பிள்ளையைக் காக்கத்தான் அது கிளினிக்கை விட்டது. பதிவேட்டில் அது அலட்சியக்காரி.

இதைப் பெரிதாக்கிப் பாருங்கள். ராஜகிரியவில் ஒரு நிலையத்துக்குத் தூண் போட நடைபாதையை மூடுகிறார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வரவு குறையும், மருந்தகத்தில் கிழவர்கள் குறைவார்கள், தேத்தண்ணிக் கடை மூடும். பள்ளிக்கூடம் பெற்றோரைக் குறை சொல்லும், மருந்தகம் நோயாளியைக் குறை சொல்லும், கடைக்காரர் தலைவிதியைக் குறை சொல்வார். மூன்றுக்கும் காரணமான அந்த வேலி எந்த அறிக்கையிலும் வராது. வேலை பத்து மாதம் பிந்தினால் கொந்தராத்து முறைப்படி தண்டப்பணம் இருக்கும். அது ரயில் பிந்தியதற்கு. நடைபாதை பிந்தியதற்கு ஒன்றும் இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வேலை தொடங்க முன் ஒரு கிழமை, அந்த வீதியால் நடக்கிறவர்களை எண்ணுங்கள். ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற இரண்டு பிள்ளைகளும் ஒரு கொப்பியும் போதும். வேலை நடக்கிறபோது மாதம் ஒருமுறை திரும்ப எண்ணுங்கள். எண்ணிக்கை விழுந்தால் அது சனத்தின் சோம்பல் இல்லை, வேலையின் குறை என்று கொந்தராத்திலேயே எழுதுங்கள். அந்த மாதப் பணத்தில் ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள், பாதை திருந்திச் சனம் திரும்பி வந்த பிறகு கொடுங்கள். லண்டனில் பிரதான வீதியை நெரிசல் நேரத்தில் கிண்டி அடைத்து வைக்கிறவரிடம் 2012 முதல் நாள்வாடகை வாங்குகிறார்கள், நாளுக்கு 2,500 பவுண் மட்டும் போகும். வீதியைப் பிடித்துவைத்திருக்க வாடகை என்றால் வேலை தானாக வேகமாகும். அந்த வாடகையை இங்கே நடைபாதைக்கும் போடலாம்.

அதோடு ஏற்கெனவே நாட்டில் இருக்கிற கணக்குகளைப் பாருங்கள். ஒவ்வொரு கிளினிக்கிலும் வரவுப் பதிவு உண்டு. ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் காலையில் இடாப்புக் கூப்பிடுகிறார்கள். வீதி அபிவிருத்தி அதிகார சபையோ ரயில்வே திணைக்களமோ ஒரு வேலையைத் தொடங்கிய திகதியை இந்தப் பதிவுகளோடு சேர்த்துவைத்துப் பார்த்தால், எந்த வேலி எத்தனை பேரை வீட்டுக்குள் இருத்தியது என்று ஒரு பின்னேரத்தில் தெரிந்துவிடும். புதிதாகக் கணினி வாங்கத் தேவையில்லை.

பொறியியலாளர்கள் சொல்கிற பதில் எனக்குத் தெரியும். “கொஞ்சம் பொறுங்கோ அம்மா, முடிஞ்சாப் பிறகு எவ்வளவு வடிவா இருக்கும் எண்டு பாருங்கோ.” முடிந்த பிறகு வடிவாகத்தான் இருக்கும். நான் நாற்பது வருடத்துக்குக் கிட்டப் பொறுமையை மாதக் கணக்கில் அளந்த தொழில் பார்த்தவள். கர்ப்பம் ஒன்பது மாதம். முதல் தடுப்பூசி முதல் கடைசி ஊசி வரைக்கும் இத்தனை மாதம் என்று அட்டை சொல்லும். முழங்கால் தேய்ந்த கிழவிக்கு இன்னும் எத்தனை மாரி நடக்க முடியும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பொறுக்கச் சொல்கிறவர் எவ்வளவு காலம் என்று சொல்லவேண்டும், சொன்னதைக் காக்கவேண்டும். காக்க முடியாவிட்டால் அதுவரைக்கும் நடக்க ஒரு நல்ல வழி போட்டுத் தரவேண்டும். பலகை போட்டு, கைபிடி கட்டி, இரவில் ஒரு லைற் எரியவிட்டால் போதும். பனங்குற்றியைப் போட்டுவிட்டு வழி என்று சொல்லக்கூடாது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பரில் வந்த டித்வா புயல் நாடு முழுக்க வீதிகளையும் பாலங்களையும் ரயில் பாதைகளையும் உடைத்துவிட்டது. இனிச் சில வருடங்களுக்கு இலங்கையில் கிண்டாத வீதி குறைவாகத்தான் இருக்கும். இலகு ரயில் வருகிறதோ இல்லையோ, மதகும் பாலமும் கட்டாயம் கட்டுவார்கள், கட்டவும் வேண்டும். பிரதேச செயலகங்களில் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் நடக்கும், ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பீடும் திகதியும் வாசிப்பார்கள். நானாட்டானில் அடுத்த கூட்டத்துக்கு எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருந்து இரண்டு பேர் போகிறார்கள். வாசிக்கிற ஒவ்வொரு வேலைக்கும் ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்: இது முடியும் வரைக்கும், நடந்து வருகிற ஆள் எந்தப் பக்கத்தால் போவார், அதற்கு மதிப்பீட்டில் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்? பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதுவித்துக்கொண்டு வரவும் சொல்லியிருக்கிறேன்.